நடுவுல இருக்கற பத்து

இல்லண்ணே, ஊசிய இன்னும் பிரிக்க வேணாம். நான் முடிவு பண்ணல. கொஞ்சம் பேசிட்டு அப்புறம் பாக்கலாம். சேச்சே, பயம்லாம் இல்ல. சரி, பயம்தான். ஆனா வலிக்குமேன்னு இல்ல. பச்சைய தப்பா குத்திட்டா என்ன பண்றதுன்னு. நான் கேக்க வந்தது நம்பர்ணே. சிங்கம்னா ஒரு பல்லு குறைஞ்சாலும் அது சிங்கம்தான். நம்பர் அப்படி இல்ல. எங்க வீட்ல இப்ப ஒரு நம்பராலதான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம சுத்திட்டு இருக்கோம்.

சொல்றேன். கடைல வேற ஆள் யாரும் இல்லையே? நீங்க பாட்டுக்குத் துடைச்சிட்டே கேளுங்க. நான் மட்டும் அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்கு ஒரு போன் பண்ணணும், அதான் அடிக்கடி எடுத்துப் பாக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க.

முன்னாடியே சொல்லிடறேன், இதுல பாதி நான் நேர்ல பாக்கல. அக்கா சொன்னது, அம்மா சொன்னது, சித்தி சொன்னது. மூணு பேர் சொல்றதும் எங்க ஒத்துப்போகுதோ அத மட்டும் சொல்றேன்.

எனக்கு ஒரே அக்கா. எங்க குடும்பத்துல காலேஜுக்குப் போன முதல் ஆளு அவ, ரெண்டாவது நான். நான் படிச்சு முடிச்சிட்டு வேலை தேடறேன், அத விடுங்க. அவ கணக்கு படிச்சா. இப்ப லேபிள் அச்சடிக்கற கம்பெனில இருக்கா. மருந்து பாட்டில்ல ஓரமா ஒரு நீள நம்பர் இருக்கும் பாருங்க, அந்த லேபிள். அந்த நம்பர்ல கடைசி இலக்கம் மட்டும் சும்மா வர்றது இல்லையாம். முன்னாடி இருக்கற இலக்கத்தையெல்லாம் வெச்சு ஒரு கணக்குப் போட்டா அது வரணும். வரலன்னா எங்கயோ தப்பு. மெஷின் அப்படித் தள்ளிவிட்டத எல்லாம் அள்ளிட்டு வந்து இவ மேஜைல கொட்டுவாங்க. என்ன தப்பு, எப்படி நடந்துச்சுன்னு இவ கண்டுபிடிக்கணும். இலக்கம் இடம் மாறிடுச்சா, ஒண்ணு விழுந்துபோச்சா, ஒண்ணு ரெண்டா அடிச்சிருக்கான்னு. ஜன்னல் இல்லாத ரூம், ஒரே பசை நாத்தம். வீட்டுக்கு வந்தாலும் தலைமுடில அந்த வாடை இருக்கும்.

அவளுக்குப் பிடிச்ச நம்பர்னு ஒண்ணு இருக்கு. சிரிக்காதீங்க, ஒருத்தருக்குப் பாட்டு பிடிக்குது, அவளுக்கு இது. ஒண்ணு ரெண்டு மூணுன்னு பத்து வரைக்கும் வரிசையா எழுதுங்க. அப்படியே ஒன்பது எட்டு ஏழுன்னு ஒண்ணு வரைக்கும் இறங்குங்க. இடைவெளி விடக்கூடாது. 12345678910987654321. இருபது இலக்கம். அது ஒரு பகா எண். அதாவது ஒண்ணால வகுக்கலாம், அதாலயே அத வகுக்கலாம், வேற எதால வகுத்தாலும் மீதி நிக்கும். எனக்கும் நம்பிக்கை வரலண்ணே. இவ்வளவு ஒழுங்கா, சொல்லிவெச்ச மாதிரி இருக்கற ஒரு நம்பர் எதுக்காவது மடங்கியே ஆகணும்னுதான் தோணும். மடங்காது. கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினா.

அதுல விஷயமே நடுவுல இருக்கற அந்தப் பத்துதான். பாக்க அச்சுப்பிழை மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் கண்ணாடி வெச்ச மாதிரி ஏறி இறங்கும்போது நடுவுல இது என்னடா துருத்திட்டு நிக்குதுன்னு இருக்கும். ஆனா அந்தப் பத்த எடுத்துட்டீங்கன்னா அஞ்சாங்கிளாஸ் பிள்ளை அத உடைச்சிடும். மிச்சம் இருக்கற இலக்கத்தையெல்லாம் கூட்டுங்க, தொண்ணூறு வரும். தொண்ணூறு மூணால போகும்ல? அப்ப மொத்த நம்பரும் மூணால போகும். ஒன்பதால போகும். பதினொண்ணாலயும் போகும். நான் ஒரு நாள் சும்மா உக்காந்து போட்டுப் பாத்தேன். ஒன்பது ஒண்ண வரிசையா எழுதிக்கிட்டு, இன்னொரு பக்கம் பத்து ஒண்ண எழுதிக்கிட்டு, ரெண்டையும் பெருக்கினா டாண்ணு அந்தப் பத்தில்லாத நம்பர் வந்து நிக்குது. வெறும் ஒண்ணுங்கண்ணே. அவ்வளவுதான் அதோட சாயம்.

கணக்கு போதும், ஆளுக்கு வரேன். சித்தி கொண்டுவந்த வரன். போட்டித் தேர்வுக்குக் கணக்கு சொல்லித்தர்ற சென்டர் வெச்சிருக்காரு. கணக்குப் புலின்னு பேரு. அவரே வெச்சுக்கிட்ட பேருண்ணே, வேற யாரும் வெக்கல. போர்டுல ஒரு புலி கண்ணாடி மாட்டிக்கிட்டு சாக்பீஸப் பிடிச்சிட்டு நிக்கும். அதேதான். பாத்திருப்பீங்க, ஊர்ல எந்தச் சுவத்த விட்டுவெச்சாங்க.

முதல் தடவை வீட்டுக்கு வந்தப்ப அக்காகிட்ட உனக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாராம். எல்லாரும் கேக்கறதுதான. இவ தண்ணி டம்ளர்ல விரல நனைச்சு மேஜை மேல அந்த நம்பர எழுதிக் காட்டியிருக்கா. அந்தாளும் போன எடுத்து அதக் குறிச்சுக்கிட்டாராம். அன்னிக்கு அவர் போனதுக்கு அப்புறம் அக்கா பாத்திரம் கழுவிட்டே ஏதோ முணுமுணுத்துட்டு இருந்தா. என்னன்னு கேட்டா, இதுவரைக்கும் யாரும் அத எழுதி வெச்சுக்கிட்டதில்லடான்னா. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது, எனக்கு சென்டர்ல ஒரு வேலை தரேன்னு வேற சொல்லியிருந்தாரு. ஸ்டாஃப் ரூம்லாம் சுத்திக் காட்டினாரு. அதையும் நீங்க மனசுல வெச்சுக்கிட்டுத்தான் நான் சொல்றதக் கேக்கணும்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கைச் சட்டையோட வந்து எறங்கினாரு. நேரா போய் அப்பா உக்கார்ற நாற்காலில உக்காந்துக்கிட்டாரு. அப்பா தரைல உக்காந்தாரு. அம்மா டீ குடுத்தாங்க. எல்லாரும் வாங்க, ஒண்ணு காட்டறேன்னு சட்டைக் கைய மடிச்சாரு. முழங்கைல இருந்து மணிக்கட்டு வரைக்கும் பிளாஸ்டிக் பேப்பர் சுத்தியிருக்கு. உள்ள மையும் நீரும் கலந்து கறுப்பா தேங்கி நிக்குது. டீ டம்ளருக்குப் பக்கத்துல வெச்சு அத உரிக்கறாருண்ணே. ஒட்டிக்கிட்டு வருது. கீழ அக்கா எழுதின நம்பரப் பச்சை குத்தியிருக்காரு. ஓரமெல்லாம் சிவந்து, பொருக்கு தட்டி, அதுலேர்ந்து ஒரு சொட்டு மேஜை மேல விழுந்துச்சு. அன்னிக்கு இவ தண்ணியால எழுதினாளே, அதே மேஜை. அம்மா அதுக்கப்புறம் அந்த இடத்த சோப்பு போட்டு ரெண்டு தடவை தேச்சாங்க. உங்களுக்கு இது தொழிலு, பழகிடும். எனக்கு அருவருப்பா இருக்கு.

காயத்தச் சொல்லலண்ணே. காயம் எல்லாருக்கும்தான் ஆகும். அந்த மூஞ்சி. கைய நீட்டிக்கிட்டு, எல்லார் வாயும் எப்ப தொறக்கும்னு ஒவ்வொருத்தரா பாத்துட்டு இருந்துச்சு பாருங்க ஒரு மூஞ்சி, அது.

சித்தி ஐயோ எவ்வளவு பாசம்னு ஆரம்பிச்சாங்க. அக்கா நம்பரத்தான் பாத்தா. அவளுக்கு விரல் விட்டு எண்ணவெல்லாம் வேணாம், தினமும் பாக்கற வேலைதான. மெதுவா சொன்னா, இதுல பத்து இல்லையேன்னு.

ஏன்ணே, துடைக்கறத நிறுத்திட்டீங்க? இல்ல, சும்மா கேட்டேன். சொல்லி முடிச்சிடறேன்.

பத்து இல்லையேன்னு சொன்னாளா. அவர் ஒரு தடவை குனிஞ்சு கையப் பாத்தாரு. பாத்துட்டு உடனே சிரிச்சாரு. அட, குத்துனவன் விட்டுட்டான். படிக்காத பய. இவனுங்களுக்கு ஒன்பதுக்கு மேல எண்ணத் தெரியுமா, கைநாட்டுக் கூட்டம்தானன்னாரு.

எங்கப்பா கைநாட்டுதாண்ணே.

மரக்கடைல பலகை தூக்கறாரு. பள்ளிக்கூடம் பக்கம் போனதில்ல. ஆபீஸ்ல எங்கயாவது பெருவிரல்ல மை தொட்டு வெச்சாருன்னா, வெளில வந்து அந்த விரலத் தலைமுடில தேச்சுக்குவாரு, யாரும் பாக்கறதுக்குள்ள. அது மாப்பிள்ளைக்குத் தெரியும். சித்தி பேச்சு எடுக்கும்போதே சொல்லியாச்சு. தெரிஞ்சுதான் சொன்னாரா, வாய்ல வந்துடுச்சான்னு எனக்குத் தெரியல. அக்கா தெரிஞ்சுதான்னு சொல்றா, அம்மா இல்லங்கறாங்க. இந்த இடம் ஒத்துப்போகல. அப்பா எழுந்து குழாயடிக்குப் போயிட்டாரு. தண்ணி வர்ற நேரம்கூட இல்ல அது.

அப்புறம் அக்கா கேட்டா, சரி, பத்து இல்லன்னா இது மூணால போகுமே, நீங்க போர்டுல போட்டுக் காட்டும்போது பசங்க கேக்க மாட்டாங்களான்னு. கூட்டிப் பாத்து மூணால போகுமான்னு கண்டுபிடிக்கறது அவர் போட்ட புத்தகத்துல முதல் பக்கத்துலயே இருக்கு. நான் வாங்கி வெச்சிருக்கேன். அதுக்கு அவரு, யாருடி கூட்டிப் பாக்கப் போறா, கைல இருக்கற கெத்ததான் பாப்பானுங்கன்னாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே டி போட்டாச்சு. சித்தி அதுக்கும் சிரிச்சாங்க.

மறுவாரமே பஸ் ஸ்டாப்புக்கு மேல ஒரு பெரிய போர்டு. இவரு கை மட்டும் ஒரு வீடு அளவுக்கு. கீழ எழுதியிருக்கு, எதனாலும் வகுபடாத எண், எதனாலும் தோற்காத மாணவன்னு. அக்கா தினமும் அந்த போர்டுக்குக் கீழதான் பஸ்ஸுக்கு நிக்கணும். ஒரு பொண்ணு ஈர விரலால எழுதிக் காட்டினத எடுத்துக் கைல ஒட்டி, நாலு தெருவுல மாட்டி, அதையும் தப்பா மாட்டி, அதுக்குக் கீழ வகுபடாதுன்னு எழுதி. நான் அன்னிலேர்ந்து அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய்தான் பஸ் ஏறறேன்.

இல்லண்ணே, போர்டுக்காக யாராவது கல்யாணத்த நிறுத்துவாங்களா. அம்மாவும் அதான் சொன்னாங்க. சித்தி ஒரு படி மேல போய், நீ கட்டிக்கப் போறது ஆளையா நம்பரையான்னாங்க. அக்கா ரொம்ப யோசிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னா. குத்துனவர் கை தவறியிருந்தா இந்தப் பேச்ச இத்தோட விட்டுடறேன், போர்டையும் விட்டுடறேன், டி போட்டதையும் விட்டுடறேன். ஆனா இவரே எடுக்கச் சொல்லிட்டு, எங்கப்பா காதுல விழற மாதிரி பழிய இன்னொரு மனுஷன் தலைல கட்டியிருந்தா, மாட்டேன்.

ஏன் அப்படி சந்தேகம்னு நானும் கேட்டேன். அவளுக்கு அது தொழில்ணே. கை தவறினா இவ்வளவு அழகா தவறாதுடாங்கறா. ஒரு மூணு விழுந்திருக்கும், ஏழும் ஆறும் இடம் மாறியிருக்கும், சுழியம் மட்டும் போயிருக்கும். சரியா நடுவுல இருக்கற ரெண்டு இலக்கம் போய், இடைவெளியும் தெரியாம, ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒத்து நிக்குதுன்னா அது தவறினதில்ல, யாரோ அழகு பாத்து எடுத்தது. இன்னொண்ணும் சொன்னா. தப்ப அப்பதான் முதல் தடவையா பாக்கறவன் எண்ணிப் பாப்பான்டா. விரல வெச்சு ஒண்ணு, ரெண்டுன்னு போவான். தினமும் லேபிள் எடுத்துட்டு வர்ற எல்லாரும் அதத்தான் பண்றாங்க. இவரு எண்ணவே இல்ல.

ஆனா அதுவும் ஊகம்தானண்ணே. அந்த அழகு பாத்தது மாப்பிள்ளையாவும் இருக்கலாம், குத்துனவராவும் இருக்கலாம். ஊகத்த வெச்சு ஒரு கல்யாணத்த நிறுத்தக்கூடாது. அக்காவே அப்படித்தான் சொன்னா, கேட்டுட்டு வான்னு. மாப்பிள்ளைகிட்ட எந்தக் கடைன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. அது எதுக்கு இப்ப, அந்தக் கழுதைய நான் பாத்துக்கறேன்னுட்டாரு. பாத்துக்கிட்டாருதான். எப்படிப் பாத்துக்கிட்டாருன்னா, ஒரு கடையப் பத்தி நெட்ல ஒத்த நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதியிருக்காரு. படிப்பறிவில்லாத நபர், எளிய எண்களைக்கூட சரியாக எழுதத் தெரியாதவர், குடும்பத்தோடு செல்வோர் தவிர்க்கவும்னு. எளிய எண்ணாம்ணே. கீழ பேருக்குப் பதிலா புலி படம் இருந்துச்சு. அதான் கண்டுபிடிச்சேன்.

ஆமாண்ணே. உங்க கடைதான்.

நான் குத்திக்க வரல. முதல்லயே சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்கங்க. நேரா கேட்டா நீங்க எனக்கெதுக்கு வம்புன்னு சொல்லாம விட்டுடுவீங்களோன்னு பயம். எல்லாத்தையும் நான் சொல்லிட்டா, கேக்கறது எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்ல. உங்கமேல தப்புன்னா அப்படியே சொல்லிடுங்க. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டோம். எனக்கு ஒரு வேலை கிடைக்கும், அக்காவுக்குக் கல்யாணம் நடக்கும், சித்தி சந்தோஷப்படுவாங்க. நீங்க தவறிட்டேன்னு சொன்னா எல்லாருக்கும் வசதிதான். அதான் சொல்றேன், வசதிய பாக்காதீங்க. நடந்தது என்ன?

ம்.

இந்த ஊதா மை தாளா? இத முதல்ல தோல்ல ஒட்டி எடுத்துட்டு அது மேலதான் குத்துவீங்களா. சரி. அதுல பத்து இருந்துச்சா? முதல்ல ஒட்டினப்ப பத்தோடதான் இருந்துச்சா? இருபது இலக்கமும்?

ம். இந்தக் கண்ணாடி முன்னாடியா. கையத் தூக்கித் தூக்கிப் பாத்தாரா. போர்டு எழுதற மாதிரி நின்னு போட்டோவும் எடுத்துக்கிட்டாரா. நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கு, அசிங்கமா இருக்குன்னாரா. அசிங்கமாவா?

நீங்க கேட்டீங்களா, இது யாரோ குடுத்த நம்பர் மாதிரி இருக்கே, மாத்தலாமான்னு. கேட்டீங்கல்ல. ரெண்டு தடவையா. அப்புறம் ஸ்பிரிட்டத் தொட்டு மொத்தத்தையும் துடைச்சிட்டு, பத்து இல்லாம வேற தாள் போட்டு ஒட்டினீங்க. புரியுது. உங்க மேல என்ன இருக்கு, அவர் கை, அவர் சொல்றாரு.

நீங்க கேட்டப்ப அவரு என்ன பதில் சொன்னாரு? இல்ல, சொல்லுங்கண்ணே. பரவால்ல, அசிங்கமா இருந்தாலும் சொல்லுங்க. முழுசா கேட்டுட்டு வான்னுதான் அனுப்பினா.

ஓ.

பொண்ணுதான குடுத்தா, அவ என்ன உக்காந்து எண்ணவா போறான்னு.

சரி. சரிண்ணே. தண்ணி இருக்கா கொஞ்சம்? தேங்க்ஸ். இந்த ஆளுக்கு நான் மூணு மாசமா மாமா மாமான்னு டீ வாங்கிட்டு வந்து குடுத்தேன். நாக்கக் கழுவணும்போல இருக்கு.

மணி என்ன? அஞ்சுக்குப் பத்து. இருங்க, ஒரு போன் பண்ணிடறேன். அப்பாவுக்கு. கல்யாண மண்டபத்த உறுதி பண்ண அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான் போன் பண்ணாம போகாதீங்கன்னு அக்கா சொல்லிவெச்சிருக்கா. அவரு நாலு மணிக்கே வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பும் போட்டு வாசல்ல நின்னிருப்பாரு, எனக்குத் தெரியும். ஒரு இடத்துக்குப் போகணும்னா அப்படித்தான்.

அப்பா, நான்தான். ஆமா, கடைலதான் இருக்கேன். கேட்டுட்டேன். செருப்பக் கழட்டிடுங்கப்பா. ஆமா. போக வேணாம். அக்காகிட்ட குடுங்க. இல்ல, இருங்க, என்ன கேட்டீங்க? சத்தமா சொல்லுங்க, இங்க ஃபேன் சத்தம். அண்ணே, அத ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன். ம், சொல்லுங்கப்பா.

உங்களப் பத்திதாண்ணே கேக்கறாரு. அந்த மனுஷன் மேல தப்பு ஒண்ணும் இல்லையேன்னு.

இல்லப்பா. அவரு பத்தோடதான் ஒட்டியிருக்காரு. நான் கேட்டுட்டேன்.